பேஸ் கிட்டாருக்குக் கோட்டிங் ஸ்ட்ரிங்: அளவெடுப்பதில் தொடங்கி மாட்டி முடிப்பது வரை

மேலே மெல்லிய படலம் பூசிய கோட்டிங் ஸ்ட்ரிங் வாங்கப்போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த பிராண்ட் நல்லது?" என்றுதான். அது கடைசியாக வரவேண்டிய கேள்வி. முதலில் பேஸை அளக்க வேண்டும். பிறகு எந்த ஒலி வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். கோட்டிங்கின் வகையும் பிராண்டும் அதற்குப் பிறகுதான். இந்த வரிசை தலைகீழாகப் போனதால், சாதாரண ஸ்ட்ரிங்கைப்போல இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கிய பாக்கெட்டை மாட்டவே முடியாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். மாட்டிய பிறகு, "ஒலி மந்தமாக இருக்கிறதே" என்று ஒரே வாரத்தில் கழற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு ஒரு எண்ணையோ முடிவையோ கொடுக்கும்.

1. உங்களுக்குக் கோட்டிங் தேவையா என்று சோதியுங்கள்

ரவுண்ட்வவுண்ட் ஸ்ட்ரிங்கின் நடுவில் ஓர் எஃகு உள்கம்பி இருக்கும். அதன்மேல் சுற்றுக்கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். வாசிக்க வாசிக்க வேர்வையும் எண்ணெய்ப் பசையும் உதிர்ந்த தோல் துகளும் சுற்றுகளுக்கு இடையே உள்ள பள்ளங்களில் போய் அடைகின்றன. அடைந்த அழுக்கு ஸ்ட்ரிங்கின் அதிர்வை அமுக்குகிறது, எடையையும் இடத்துக்கு இடம் மாற்றிவிடுகிறது. முதலில் போவது ஒலியின் பளிச்சென்ற மேல்பகுதி. கூடவே வேர்வையின் உப்பு உலோகத்தை அரிக்கத் தொடங்கும்.

கோட்டிங் காப்பது இந்த இரண்டிலிருந்துதான். நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃப்ரெட்டில் அழுந்தி அழுந்தி ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்தில் விழும் தழும்பை அது தடுக்காது. ஓயாத இழுவிசையில் உலோகம் களைத்துப்போவதையும் தடுக்காது. ஆகவே கோட்டிங் ஸ்ட்ரிங்கும் ஒருநாள் டெட் ஆகும், அதாவது ஒலி செத்துப்போகும். அந்த நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

உங்கள் கைக்கு இது பயன்படுமா என்று தெரிந்துகொள்ள, அடுத்த முறை சாதாரண ஸ்ட்ரிங் மாட்டும் அன்றே ஃபோனில் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் திறந்த நிலையில் ஒருமுறை, 5வது ஃப்ரெட் ஹார்மோனிக்கை (ஃப்ரெட்டுக்கு நேர்மேலே அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) ஒருமுறை வாசித்தால் போதும். வாரம் ஒருமுறை அதே இடத்தில், ஆம்ப்பின் குமிழ்களை அதே நிலையில் வைத்து மறுபடியும் பதிவு செய்யுங்கள். ஹார்மோனிக் மணி போல ஒலிப்பதை விட்டு எந்த வாரத்தில் சட்டென்று அடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். என் கை நன்றாக வேர்க்கும் கை. சாதாரண நிக்கல் ஸ்ட்ரிங் எனக்கு நான்கு வாரம் தாண்டாது. அதே ஸ்ட்ரிங் உங்களிடம் நான்கு மாதம் பளிச்சென்று இருந்தால் கோட்டிங்குக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

பளிச்சென்ற ஒலியே பிடிக்காதவர்களுக்கும் இது வேண்டாம். அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தன் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் தடித்த ஃப்ளாட்வவுண்ட் (தட்டையான கம்பி சுற்றிய) ஸ்ட்ரிங்கை அறுந்தால் ஒழிய மாற்றாதவர். அந்தக் குத்தலான, குறுகிய ஒலிதான் உங்களுக்கு வேண்டுமென்றால், புதிய ஸ்ட்ரிங்கின் பளபளப்பைக் காப்பாற்றும் ஒரு பொருளுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

2. கையோடு எடுத்து வைக்க வேண்டியவை

அங்குலமும் மில்லிமீட்டரும் உள்ள டேப், சுருதி காட்டும் ட்யூனர் கருவி, தடித்த கம்பியை வெட்டக்கூடிய கட்டிங் பிளையர், பிரிட்ஜ் (பாடியில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பகுதி) ஸ்க்ரூவுக்கும் ட்ரஸ் ராடுக்கும் (நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் தண்டு) பொருந்தும் ஆலன் கீ, பஞ்சு இழை உதிராத துணி, ஒரு நோட்டுப் புத்தகம். இப்போது மாட்டியிருக்கும் ஸ்ட்ரிங்கின் பழைய பாக்கெட் இருந்தால் மிகவும் நல்லது. ஸ்ட்ரிங் மாற்றியதும் பாக்கெட்டைத் தூக்கி எறியாமல் கேஸுக்குள் போட்டு வைக்கும் பழக்கம் பின்னால் நிறைய வேலையை மிச்சப்படுத்தும்.

3. பேஸை இரண்டு விதமாக அளந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் அதிகம் இடறுவது இந்தப் படியில்தான். அதனால் பொறுமையாகச் செய்யுங்கள்.

முதல் அளவு ஸ்கேல் நீளம். நெக்கின் தலைமுனையில் ஸ்ட்ரிங் தங்கும் பள்ளக்கட்டையான நட்டின் உள்விளிம்பிலிருந்து 12வது ஃப்ரெட்டின் நடுவரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 34 அங்குலம், அதாவது சுமார் 864 மிமீ வந்தால் லாங் ஸ்கேல். பெரும்பாலான பேஸ்கள் இதில் அடங்கும். 30 அங்குலத்தை ஒட்டி வந்தால் ஷார்ட் ஸ்கேல், 32 மீடியம் ஸ்கேல், 35 என்றால் எக்ஸ்ட்ரா லாங். பிரிட்ஜ் வரை நேராக அளக்காதீர்கள். இன்டொனேஷனுக்காக (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக வருவதற்காக) பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் ஒவ்வொரு சாடிலும் ஒவ்வோர் இடத்தில் நகர்த்தப்பட்டிருக்கும் என்பதால் அந்த அளவு சரியாக வராது.

இரண்டாவது அளவைப் பெரும்பாலோர் எடுப்பதே இல்லை. ஸ்ட்ரிங்கின் குண்டுமுனை, அதாவது உலோகக் குண்டு உள்ள முனை, பிரிட்ஜில் எந்த இடத்தில் தங்குகிறதோ, அங்கிருந்து நட் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிங் பாடியின் பின்பக்கத்திலிருந்து ஏறி வரும் வகை பேஸாக இருந்தால், அந்தத் துளைக்குள் போகும் தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுவாக ஓர் அங்குலத்துக்கு மேல் கூடும். ஸ்கேல் ஒன்றாகவே இருக்கும் இரண்டு பேஸ்களுக்கு ஒரே ஸ்ட்ரிங் பொருந்தாமல் போவது இந்த வித்தியாசத்தால்தான்.

இந்த எண் எதற்கு? பேஸ் ஸ்ட்ரிங் முனை வரை ஒரே தடிமனாக இருக்காது. ட்யூனர் (ஹெட்ஸ்டாக்கில் ஸ்ட்ரிங்கை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகு) பக்கத்தில் ஓர் இடத்தில் மெலிந்து, பல செட்களில் அங்கே வண்ணப் பட்டு நூல் சுற்றியிருக்கும். முழுத் தடிமன் உள்ள பகுதி நட்டைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் மெலிந்த இடம் நட்டின் மேலோ, அதைவிட மோசமாக முதல் ஃப்ரெட்டின் மேலோ வந்து உட்காரும். ஒலி கெடும், ட்யூனிங்கும் நிற்காது. அளவு மிக அதிகமாகப் போனாலும் சிக்கல்தான். தடித்த பகுதி ட்யூனர் தண்டைச் சுற்ற வேண்டியதாகிவிடும்.

ஒரு மாணவரின் ஷார்ட் ஸ்கேல் பேஸில் இதை நேரில் பார்த்தேன். லாங் ஸ்கேல் கோட்டிங் செட் வாங்கி, "நீளமாகத்தானே இருக்கிறது, வெட்டிவிடலாம்" என்று வெட்டி மாட்டியிருந்தார். E ஸ்ட்ரிங்கின் முழுத் தடிமனும் தண்டில் திரும்ப வேண்டியிருந்தது. திரும்பிய வளைவில் சுற்றுக்கம்பிகள் ஒன்றுக்கொன்று விலகி, கோட்டிங் வெள்ளைப் பிசிராகக் கிழிந்து, நடுவில் உள்கம்பி தெரிந்தது. தட்டினால் மரத்தில் தட்டியது போன்ற ஓசை. புத்தம்புது ஸ்ட்ரிங், ஒரு பாட்டுக்கூட வாசிக்கவில்லை.

ஆகவே பாக்கெட்டிலோ தயாரிப்பாளரின் அளவுப் பட்டியலிலோ 'வைண்டிங் லெங்த்' என்று உள்ள எண்ணைப் பாருங்கள். நீங்கள் எடுத்த இரண்டாவது அளவைவிட அது அரை அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை கூடுதலாக இருந்தால் நிம்மதியாக வாங்கலாம்.

4. இப்போதுள்ள கேஜைத் தெரிந்துகொண்டு அதையே தொடருங்கள்

கேஜ் என்பது ஸ்ட்ரிங்கின் குறுக்களவு, அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கில். 45-65-85-105 என்றால் G ஸ்ட்ரிங் 0.045 அங்குலம், E ஸ்ட்ரிங் 0.105 அங்குலம். நான்கு ஸ்ட்ரிங் பேஸில் அதிகம் புழங்கும் செட் இதுதான். கொஞ்சம் இலகுவாக வேண்டுமென்றால் 45-65-80-100. ஐந்து ஸ்ட்ரிங் பேஸில் கீழ் B பெரும்பாலும் 125 முதல் 135 வரை இருக்கும். நடுவில் 130.

முதல் முறை கோட்டிங் ஸ்ட்ரிங்குக்கு மாறும்போது கேஜை மாற்றாதீர்கள். கோட்டிங், கேஜ் இரண்டையும் சேர்த்து மாற்றினால், கையில் படும் வித்தியாசம் எதனால் வந்தது என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. 34 அங்குல பேஸில் நான்கு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து நெக்கை ஏறக்குறைய 75 முதல் 85 கிலோ விசையில் இழுத்துக்கொண்டிருக்கின்றன. கேஜ் மாறினால் இந்த இழுவிசை மாறும், நெக்கின் வளைவு மாறும், ட்ரஸ் ராடைத் தொட வேண்டி வரும். தடிமன் கூடினால் நட்டின் பள்ளத்தில் ஸ்ட்ரிங் முழுதாக இறங்காமலும் போகலாம்.

பழைய பாக்கெட் இல்லாதவர்கள் கேலிப்பரால் அளக்கலாம். அதுவும் இல்லையென்றால் பேஸ் தயாரிப்பாளர் தொழிற்சாலையில் மாட்டி அனுப்பும் கேஜைப் பார்த்துக்கொள்ளலாம். நடுவில் யாரும் மாற்றாமல் இருந்தால்தான் அது பொருந்தும்.

5. உலோகத்தை முடிவு செய்யுங்கள்: ஒரு படி பளிச்சென்று போங்கள்

கோட்டிங் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் தவறவிடுவது இதை. ஸ்ட்ரிங்கின் ஒலியைக் கோட்டிங்கைவிட அதிகமாகத் தீர்மானிப்பது அதற்கு அடியில் இருக்கும் உலோகமும் சுற்றிய விதமும்தான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுற்று மூன்றிலும் பளிச்சென்றது. விரலுக்குக் கொஞ்சம் சொரசொரப்பாகவும் இருக்கும், ஃப்ரெட்டையும் வேகமாகத் தேய்க்கும். நிக்கல் பூசிய எஃகு நடுத்தரம், ராக் முதல் மெல்லிசை வரை எதற்கும் ஒத்துப்போகும். சுத்த நிக்கல் மிருதுவானது, பழைய காலத்து வெதுவெதுப்பான ஒலி கொண்டது.

கோட்டிங் ஒரு மெல்லிய படலம்தான். ஆனாலும் அது உச்சபட்ச மினுமினுப்பைக் கொஞ்சம் குறைக்கும். மாட்டிய முதல் நாளில் சாதாரண ஸ்ட்ரிங் எழுப்பும் அந்த 'ஜிங்' ஓசை கோட்டிங் ஸ்ட்ரிங்கில் முழுதாக வராது. ஏறக்குறைய மூன்று நான்கு நாள் வாசித்துப் பதப்பட்ட சாதாரண ஸ்ட்ரிங் போல அது தொடங்கும். தொடங்கிய இடத்திலேயே நெடுநாள் நிற்கும். நீங்கள் விலை கொடுப்பது அந்த நிலைப்புக்காக.

ஆகவே தேர்வு இப்படி இருக்க வேண்டும். உங்கள் சாதாரண ஸ்ட்ரிங் மாட்டிய எத்தனையாவது நாளில் உங்களுக்கு மிகவும் பிடித்த ஒலியைத் தருகிறது? இரண்டாம் வாரம் என்றால் அதே உலோகத்தில் கோட்டிங் வாங்குங்கள், பொருத்தமாக இருக்கும். முதல் நாள்தான் பிடிக்கும், கட்டைவிரலால் தட்டி ஸ்லாப் வாசிப்பவர் என்றால், நிக்கல் பூசியதை விட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கோட்டிங் உள்ளதை எடுங்கள். கோட்டிங் குறைப்பதை உலோகம் ஈடுகட்டும். படலம் இருப்பதால் ஸ்டீலின் சொரசொரப்பும் விரலில் அவ்வளவாகத் தெரியாது. "கோட்டிங் ஸ்ட்ரிங் மந்தம்" என்று குறைபட்டவர்களில் எத்தனையோ பேருக்கு இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருந்தது.

நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்க: கோட்டிங்கை மருந்துக் கவசமாக நம்ப வேண்டாம். அது தேயும், அடியில் உள்ள உலோகம் வெளியே வரும். வாங்கும் முன் தயாரிப்பாளரிடம் உலோகக் கலவையைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

6. எந்த வகைக் கோட்டிங்?

பாக்கெட்டின் முகப்பில் எத்தனை பெயர்கள் இருந்தாலும், கைக்குத் தெரியும் பிரிவு இரண்டுதான்.

ஒன்று, ஸ்ட்ரிங்கைச் சுற்றி முடித்த பிறகு முழுவதையும் மூடும் படலம். எலிக்ஸிர் ஸ்ட்ரிங்குகள் இந்த வழிக்குப் பெயர் பெற்றவை. படலம் பள்ளங்களையும் சேர்த்து மூடுவதால் அழுக்கு உள்ளே இறங்க வழியில்லை. ஆயுள் விஷயத்தில் இந்த வகைதான் முன்னால் நிற்கும். விரல் வழுக்கிக்கொண்டு போகும், கை நகரும்போது வரும் கீச்சொலியும் குறையும். எலிக்ஸிரிலேயே பாலிவெப் என்பது தடித்த, மிருதுவான படலம். நானோவெப் அதைவிட மெல்லியது, ஒலியும் அதற்கேற்பத் தெளிவானது. பேஸுக்கு நான் சொல்வது நானோவெப்பைத்தான்.

இரண்டாவது, சுற்றுக்கம்பிக்கே முதலில் படலம் கொடுத்து, அதன் பிறகு உள்கம்பியின் மேல் சுற்றுவது. இதில் பள்ளங்கள் திறந்தே இருக்கும். அழுக்கு வந்து தங்கலாம், ஆனால் உலோகம் அரிக்காது. தொட்டால் சாதாரண ஸ்ட்ரிங் போலவே இருக்கும் என்பது இதன் பெரிய பலம். வழுக்கல் பிடிக்காதவர்கள் இந்த வகையைத் தேடுங்கள்.

இவை தவிர டி.ஆர் நிறுவனத்தின் நியான் போன்ற வண்ணக் கோட்டிங் ஸ்ட்ரிங்குகளும் உண்டு. மேடை வெளிச்சத்தில் அழகாக இருக்கும். அழகு ஒரு நியாயமான காரணம்தான். ஆனால் அடிக்கும் இடத்தில் வண்ணம் முதலில் உதிரும் என்பதை எதிர்பார்த்தே வாங்குங்கள்.

இதில் முடிவெடுக்க உங்கள் வலது கையைப் பாருங்கள். விரலால் வாசிப்பவர்களுக்கு எந்த வகையும் நெடுநாள் உழைக்கும். பிக்கால் அழுத்தி அடிப்பவர்களுக்கும், கட்டைவிரலால் ஸ்லாப் செய்பவர்களுக்கும், முழுப்படலம் அடிபடும் இடத்தில் சில வாரங்களில் பிசிராகக் கிளம்பலாம். ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புக்கு மேலே வெள்ளை முடி போலத் தொங்கும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் ஒலி உடனே கெட்டுவிடாது. பிசிரைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் நல்ல இடத்திலும் சேர்ந்து உரியும். நகம் வெட்டும் கத்தரியால் நுனியை மட்டும் வெட்டிவிடுங்கள்.

ஃப்ரெட் இல்லாத ஃப்ரெட்லெஸ் பேஸ் வாசிப்பவர்கள், "படலம் இருந்தால் ஃபிங்கர்போர்டு தேயாது அல்லவா?" என்று கேட்பார்கள். தேய்மானம் கொஞ்சம் குறையலாம். மரத்தைக் காக்க வேண்டும் என்பதே நோக்கமென்றால் ஃப்ளாட்வவுண்டுதான் சரியான வழி.

7. வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்

இப்போது உங்கள் நோட்டில் ஸ்கேல், குண்டுமுனையிலிருந்து நட் வரை உள்ள தூரம், கேஜ், உலோகம், கோட்டிங் வகை என்று ஐந்து பதில் இருக்கும். ஐந்தும் பொருந்தும் பாக்கெட்டுகள் பெரும்பாலும் இரண்டு மூன்றுதான் மிஞ்சும். பிராண்ட் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் இதுதான்.

விலையை ஆயுளால் வகுத்துப் பாருங்கள். சாதாரண செட் உங்கள் கையில் ஒரு மாதம் உழைக்கிறது, கோட்டிங் செட் இரண்டு மடங்கு விலை என்றால், அது இரண்டு மாதம் தாண்டினாலே லாபம். என் கையில் முழுப்படல ஸ்ட்ரிங் நான்கு மாதத்துக்குக் குறையாமல் வருகிறது. இந்த எண் ஆளுக்கு ஆள் மாறும். முதல் படியில் எடுத்த பதிவுகள்தான் உங்களுடைய எண்ணைச் சொல்லும். முதல் முறை ஒரே ஒரு செட் வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று மூன்று செட் வாங்கி வைத்துவிட்டு, கைக்குப் பிடிக்காமல் தவிப்பதில் அர்த்தமில்லை.

ஐந்து ஸ்ட்ரிங் பேஸ் என்றால் B ஸ்ட்ரிங் டேப்பர் வகையா என்று பாருங்கள். சாடில் மேல் படும் இடம் மெலிந்திருந்தால் அந்த ஸ்ட்ரிங் மட்டும் தாழ்ந்து உட்காரும். சாடிலை உயர்த்த வேண்டி வரும்.

8. மாட்டும் முறை

ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கழற்றினால் நெக்கின் மேலிருந்த இழுவிசை முழுவதும் போய்விடும். திரும்ப நிலைக்கு வர நேரம் பிடிக்கும். ஃபிங்கர்போர்டைத் துடைக்க வேண்டுமென்றால் மட்டும் எல்லாவற்றையும் கழற்றுங்கள்.

குண்டுமுனையைப் பிரிட்ஜில் நுழைக்கும்போது துளையின் கூர்மையான விளிம்பில் ஸ்ட்ரிங்கை உரசி இழுக்காதீர்கள். சாதாரண ஸ்ட்ரிங்குக்கு அதனால் ஒன்றும் ஆகாது. கோட்டிங் அந்த ஒரே இழுப்பில் நீளவாக்கில் கீறிக்கொள்ளும். நட்டின் பள்ளத்திலும் அப்படித்தான். தூக்கிக் கொண்டுபோய் மேலிருந்து உட்கார வையுங்கள்.

வெட்டும் இடத்தைக் குறிக்க, ஸ்ட்ரிங்கை அதன் ட்யூனர் தண்டைத் தாண்டி இரண்டு தண்டு தூரம் நீட்டிப் பிடியுங்கள். ஒரே வரிசையில் நான்கு ட்யூனர் உள்ள ஹெட்ஸ்டாக்கில் இது சுமார் 11 முதல் 13 செமீ. கடைசி ஸ்ட்ரிங்குக்கு அப்பால் தண்டு இல்லை. அதற்கு இந்த அளவையே டேப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான இடம். முதலில் வளையுங்கள், பிறகு வெட்டுங்கள். குறித்த இடத்தில் பிளையரால் 90 பாகை கூர்மையாக மடக்கி, மடிப்புக்கு அப்பால் ஒரு செமீ விட்டு வெட்ட வேண்டும். மடிப்பு சுற்றுக்கம்பியை உள்கம்பியோடு பூட்டிவிடும். மடக்காமல் வெட்டினால் சுற்று உள்ளே இருந்தபடியே தளர்ந்து, ஸ்ட்ரிங் முழுவதும் உயிரற்றுப் போகலாம். உள்கம்பி உருண்டையாக உள்ள ஸ்ட்ரிங்கில் இந்த ஆபத்து அதிகம். அறுகோண உள்கம்பியில் குறைவு. உங்களுடையது எது என்று தெரியாதபோது எல்லாவற்றையும் மடக்கியே வெட்டுங்கள். பிளையரின் பல், நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் இடைப்பட்ட பகுதியில் எங்கும் படக்கூடாது.

மடித்த நுனியைத் தண்டின் நடுத்துளையில் இறக்கி, சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் மேலிருந்து கீழாக இறங்கும்படி சுற்றுங்கள். இரண்டு முதல் நான்கு சுற்று போதும். கீழ்நோக்கி இறங்கும் சுற்று, ஸ்ட்ரிங்கை நட்டின் மேல் அழுத்திப் பிடிக்கும். திறந்த ஸ்ட்ரிங்கின் ஒலி தெளிவாக இருப்பதற்கு அந்த அழுத்தம் வேண்டும். முறுக்காமல் சுற்றுவதிலும் கவனம் வையுங்கள். ஸ்ட்ரிங் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டால் ஊசலாடுவது போன்ற குழப்பமான சுருதி வரும்.

ட்யூன் செய்த பிறகு, சாடிலின் முன்பக்கத்திலும் நட்டின் முன்பக்கத்திலும் கட்டைவிரலால் மெதுவாக ஒருமுறை அழுத்துங்கள். புதிய ஸ்ட்ரிங் அந்த இரண்டு இடங்களிலும் வில் போல வளைந்து ஏறும். அது நேரானால்தான் இன்டொனேஷன் நிற்கும். நகம் படாமல், விரலின் சதையால் அழுத்துங்கள்.

9. மாட்டிய முதல் நாளில் பார்க்க வேண்டியவை

ட்யூனிங் நிலைத்த பிறகு, முடிந்தால் மறுநாள், நெக்கைப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடித்து, 8வது ஃப்ரெட்டில் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஏறக்குறைய 0.3 மிமீ இருந்தால் பெரும்பாலான பேஸ்களுக்குச் சரி. 17வது ஃப்ரெட்டில் E ஸ்ட்ரிங்கின் உயரம் 2.4 மிமீ, G ஸ்ட்ரிங்கின் உயரம் 2 மிமீ என்று தொடங்கலாம். கேஜை மாற்றாமல் இருந்திருந்தால் இங்கே பெரும்பாலும் எதையும் தொட வேண்டியிருக்காது. பிறகு 12வது ஃப்ரெட்டின் ஹார்மோனிக்கும் அதே இடத்தில் அழுத்திய ஸ்வரமும் ஒத்துப்போகும்வரை சாடிலை நகர்த்துங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறி நின்றால் சாடிலைப் பின்னால் தள்ள வேண்டும்.

அடுத்தது ஹம். இதைப் பேசுகிறவர்கள் குறைவு, பயந்துபோகிறவர்கள் அதிகம். பேஸின் வயரிங்கில் பிரிட்ஜ் எர்த்தோடு இணைந்திருக்கும். சாதாரண ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் ஆம்ப்பில் வரும் இரைச்சல் குறைவது அதனால்தான். கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாத பொருள். சில பேஸ்களில் ஸ்ட்ரிங்கைத் தொட்டாலும் ஹம் அப்படியே இருக்கும், "வயரிங் போய்விட்டது" என்று நினைத்துக்கொள்வார்கள். சோதிப்பது எளிது. ஸ்ட்ரிங்கை மட்டும் தொடுங்கள். பிறகு பிரிட்ஜின் வெற்று உலோகத்தைத் தொடுங்கள். பிரிட்ஜைத் தொட்டதும் இரைச்சல் அடங்கினால் வயரிங் நலமாக இருக்கிறது, காரணம் படலம்தான். வாசிக்கும்போது உள்ளங்கை ஓரம் பிரிட்ஜில் படும்படி வைத்துக்கொள்ளலாம். பிரிட்ஜைத் தொட்டும் குறையவில்லை என்றால் எர்த் வயரைப் பார்க்க வேண்டும். தொடும்போது கையில் சுருக்கென்று மின்சாரம் படுகிறதென்றால் உடனே ஆம்ப்பை அணைத்துவிட்டு, மின்வேலை தெரிந்தவரிடம் காட்டாமல் மறுபடியும் தொடாதீர்கள்.

வழுக்கலுக்கு ஒரு வாரம் கொடுங்கள். முதல் நாள் இடது கை நினைத்த ஃப்ரெட்டைத் தாண்டிப் போகும். கை பழகிய பிறகு சாதாரண ஸ்ட்ரிங்கைத் தொட்டால் அது அரம் போலத் தோன்றும். ஒரு வாரத்துக்கு முன்பே பிடிக்கவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

10. பராமரிப்பும் மாற்ற வேண்டிய நேரமும்

வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஸ்ட்ரிங்கின் மேலும் கீழும் துடையுங்கள். துணியை ஸ்ட்ரிங்குக்கும் ஃபிங்கர்போர்டுக்கும் இடையே நுழைத்து ஒருமுறை இழுத்தால் அடிப்பக்கமும் சுத்தமாகும். கோட்டிங் இருக்கிறது என்று துடைக்காமல் விடுபவர்கள், படலத்தின் மேலேயே பிசுக்கை ஏற்றி ஒலியைத் தாங்களே மந்தமாக்கிக்கொள்கிறார்கள்.

சாதாரண ஸ்ட்ரிங்கை வெந்நீரில் கொதிக்கவைத்தோ ஸ்பிரிட்டில் ஊறவைத்தோ கொஞ்ச நாள் உயிர்ப்பிக்கலாம். கோட்டிங் ஸ்ட்ரிங்கில் இரண்டையும் செய்யாதீர்கள். முழுப்படல ஸ்ட்ரிங்கின் பள்ளத்தில் அழுக்கே இல்லாதபோது கொதிக்கவைத்து எதை எடுப்பது? வெட்டிய முனை வழியாக ஈரம் உள்ளே போனால் படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும். ஸ்ட்ரிங்கில் தடவும் எண்ணெய்களும் இதற்குத் தேவையில்லை.

கோட்டிங் ஸ்ட்ரிங் மெல்ல மெல்லத்தான் மங்கும். அதனால் காதும் கூடவே பழகிவிடும், எப்போது மாற்றுவது என்பதே தெரியாது. மூன்று அடையாளங்களை வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பதிவோடு ஒப்பிட்டால் 5வது ஃப்ரெட் ஹார்மோனிக் தெளிவாகக் குறைந்திருக்கும். முன்பு சரியாக இருந்த இன்டொனேஷன், சாடிலைத் தொடாமலேயே விலகியிருக்கும். ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்தில் விரல் நகத்தை ஓட்டினால் ஃப்ரெட் தழும்புகள் தட்டுப்படும். இவற்றில் இரண்டு தெரிந்தால், படலம் பளபளவென்று இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

கழற்றும் செட்டில் சில ஸ்ட்ரிங்குகள் இன்னும் வாசிக்கும் நிலையில் இருக்கலாம். அவற்றை நேராக்கித் துடைத்து, கேஜும் தேதியும் எழுதிய உறையில் போட்டு, பேஸின் கேஸுக்குள் வையுங்கள். அந்த ஸ்ட்ரிங்குகள் ஏற்கெனவே உங்கள் தண்டுக்கு ஏற்ப மடிந்தவை. நிகழ்ச்சிக்கு நடுவில் ஒன்று அறுந்தால் வெட்டவோ அளக்கவோ வேண்டியதில்லை, அப்படியே இறக்கிச் சுற்றிவிடலாம்.